கலை சென்றடைந்த ஊர்

ஆயிரத்து நூற்று நாற்பத்தாறு. இந்த எண்ணை அரசாங்கம் வழவழப்பான தாளில் அச்சடித்து நாடு முழுக்க அனுப்பியிருக்கிறது. அதில் ஏறக்குறைய ஆயிரம் என் கட்டைவிரலின் கைங்கரியம். யாரும் என் கழுத்தில் கத்தி வைக்கவில்லை. நானாகத்தான் செய்தேன். பெரிய கெட்டிக்காரி என்ற நினைப்பில் வேறு செய்தேன்.

நான் நகராட்சி அரங்கத்தின் பொறுப்பாளர். பெயரைக் கேட்டு மலைத்துவிட வேண்டாம். காலையில் திறக்க வேண்டும், மாலையில் பூட்ட வேண்டும், நடுவில் நாற்காலிகளை அடுக்க வேண்டும், கழிப்பறையில் தண்ணீர் வராவிட்டால் திட்டு வாங்க வேண்டும். இடுப்பில் எந்நேரமும் பதினேழு சாவி தொங்குவதால் ஊரில் எனக்குப் பெயரே சாவிதான். ஓய்வூதியத்துக்கு இன்னும் நான்கு வருடம் இருக்கிறது. என் அண்ணி என்னைக் கூப்பிடுவதும் சாவி என்றுதான்.

அண்ணிக்கு ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை. இருபத்திரண்டு வருடமாக ஊர்க்காரர்களின் காய்ச்சலையும் பிரசவத்தையும் துவைத்துக்கொண்டிருக்கிறாள். செவ்வாய், வெள்ளி இரண்டு நாளும் ஷிப்ட் முடிந்து ஐந்து மணிக்குத் தன் கூட்டத்தோடு என் அரங்கத்தின் பின்னறைக்கு வந்துவிடுவாள். அவளையும் சேர்த்து ஏழு பெண்கள், சலவைக்கூடத்துப் பாய்லர்காரர் ஒருவர்; அவர் மனைவியும் அந்த ஏழு பேரில் உண்டு. நாடகம் போடுவார்கள். முதல் இரண்டு வருடம் ராஜா ராணி கதை. பாய்லர்காரர்தான் ராஜா. கிரீடம் வைத்தால் வசனம் மறக்கும், கிரீடத்தைக் கழற்றினால் வசனம் வரும். கடைசிக் காட்சியில் கிரீடத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு போருக்குப் போனார். ஊரே சிரித்தது. அண்ணிக்கு மட்டும் ரோஷம் வந்துவிட்டது.

அதற்கப்புறம் அவளே ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுத ஆரம்பித்தாள். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளுக்குள் என்னென்னவோ சுருண்டு வரும். பல்செட், மூக்குக் கண்ணாடி, பஸ் டிக்கெட், பாதி எழுதிய மளிகைச் சீட்டு. அண்ணியின் நாடகத்தில் ஒரு தலையணை உறைக்குள் காது கேட்கும் கருவி வருகிறது. அது யாருடைய காது என்று நான்கு பெண்கள் வார்டு வார்டாகத் தேடுகிறார்கள். அவ்வளவுதான் கதை.

ஆனால் அவர்கள் அதைச் சொன்ன விதம் இருக்கிறதே! இரண்டு பேர் ஒரு விரிப்பை மடிக்கும்போது எதிரெதிரே நடந்து வந்து விளிம்பைக் கைமாற்றுவார்கள், பிறகு விலகிப் போவார்கள். நாடகம் முழுக்க அந்த மடிப்புதான். கிட்டே வந்து விளிம்பு கைமாறும் அந்த ஒரு நொடியில்தான் வசனம். விலகும்போது பேச்சே கிடையாது.

"என்ன அண்ணி, வாய்க்குப் பூட்டா?" என்று கேட்டேன்.

"மெஷின் சத்தத்துல தூரத்துல பேசினா யாருக்குக் கேக்கும்? நாங்க இருபது வருஷமா இப்படித்தான் பேசுறோம். மக பிரசவத்தச் சொல்லி முடிக்க எனக்கு நாப்பது விரிப்பு ஆச்சு" என்றாள்.

இந்த நேரத்தில்தான் தேசியக் கலைவிழா எங்கள் ஊருக்கு வந்தது. விழா என்னவோ வருடாவருடம் தலைநகரில் இரண்டு தெருவுக்குள் நடப்பதுதான். பணம் மட்டும் நாட்டு மக்கள் அத்தனை பேருடையது. இதை யாரோ கிளப்பிவிட்டு, பத்திரிகைகளில் நாறி, கடைசியில் அமைச்சகம் ஒரு நிபந்தனை போட்டது. விழாவுக்குத் தரும் நிதியில் மூன்றில் ஒரு பங்கை 'கலை சென்றடையாத ஊர்'களில் செலவழித்தே ஆக வேண்டும். அந்தப் பட்டியலில் எங்கள் ஊர் இருந்தது. நகராட்சித் தலைவருக்குக் கோபம் வந்ததா சந்தோஷம் வந்ததா என்று அவருக்கே தெரியவில்லை. "நம்மளப் பாத்தா ரசனை இல்லாத ஜென்மம் மாதிரியா இருக்கு?" என்று கேட்டுக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

ஏற்பாடு இதுதான். எங்கள் அரங்கத்தில் இரண்டு நாள் நிகழ்ச்சி. தலைநகரிலிருந்து ஐந்து குழு, உள்ளூரிலிருந்து ஒன்று. அதற்கப்புறம் அமைச்சகம் ஒப்புக்கொண்டால் உள்ளூர்க் குழுவுக்கு மூன்று வருட உதவி. மேடை விளக்குகள், மாதம் ஒரு முறை வந்து பயிற்சி தர ஓர் இயக்குநர், அடுத்த வருடம் தலைநகரின் பெரிய மேடையில் ஓர் இடம்.

ஊரில் வேறு குழு ஏது? அண்ணியின் குழுதான். அவள் ஆடிப்போய்விட்டாள். அதே மாதம் சலவைக்கூடத்தில் இஸ்திரிப் பிரிவுக்கு சூப்பர்வைசர் வேலையை அவளுக்குத் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். மதியம் இரண்டிலிருந்து ராத்திரி பத்து வரை ஷிப்ட். ஏற்றால் நாடகத்துக்கு முழுக்கு. "விழா முடிவு தெரியட்டும் சார்" என்று தவணை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். ஐம்பது வயதில் வந்த பதவி உயர்வு. அண்ணன் லாரியோடு எந்த ஊரில் இருந்தாரோ, போனிலேயே கத்தினார். அண்ணி போனை மேசைமேல் வைத்துவிட்டு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

விழாவின் ஒருங்கிணைப்பாளர் முந்தின நாளே வந்து இறங்கினார். கழுத்தில் ஒரு கையகல அடையாள அட்டை. குளிக்கும்போதாவது கழற்றுவாரோ என்னவோ. நான் அவருக்கு அட்டைக்காரர் என்று பெயர் வைத்தேன். நல்ல மனிதர் மாதிரிதான் பேசினார். என் கையில் ஒரு சின்ன எண்ணும் கருவியைக் கொடுத்தார். கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்தினால் எண் ஒன்று கூடும்.

"வாசல்ல கால் வைக்கிற ஒவ்வொருத்தருக்கும் ஒரு தட்டு தட்டுங்க மேடம். எங்களுக்கு எண்ணிக்கைதான் உயிர்" என்றார்.

முதல் நாள் முப்பத்தொரு பேர் வந்தார்கள். அதில் பதினாலு பேர் அட்டைக்காரரின் ஆட்கள். தலைநகரத்து நடனக் கலைஞர் ஒருவர் வெள்ளை உடையில் ஒரு தொட்டித் தண்ணீருக்குள் நாற்பது நிமிடம் நின்றார். மெதுவாகத் தலையைத் திருப்பினார். பிறகு இந்தப் பக்கம் திருப்பினார். அரை மணி நேரம் பொறுத்துப் பார்த்த தபால்காரர், "அந்தாள யாராச்சும் கையப் புடிச்சு வெளிய கொண்டு வாங்கப்பா, சளி புடிச்சிக்கும்" என்று சத்தமாகவே சொன்னார். சாயங்காலம் அட்டைக்காரர் கருவியை வாங்கிப் பார்த்துவிட்டு முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு போனார். என் கை இடுப்பில் ஒரு சாவியைத் தேடிப் பிடித்துக்கொண்டது.

அது எந்தச் சாவி என்று சொல்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன்னால் அரங்கத்தின் மாடியில் ஒரு வாசகசாலை இருந்தது. ஒரு குமாஸ்தா வந்து ஒரு வாரம் உட்கார்ந்து எண்ணினார். நாளொன்றுக்கு ஆறு பேர். ஆள் இல்லை, எனவே தேவை இல்லை என்று எழுதினார். பூட்டிவிட்டோம். அந்தச் சாவியும் என் இடுப்பில்தான் தொங்குகிறது. முப்பது வருட நகராட்சி வேலையில் நான் கற்றுக்கொண்ட பாடம் அது ஒன்றுதான். கூட்டம் இருக்கிற இடத்துக்குத்தான் காசு வரும், வெறிச்சோடிக் கிடந்தால் இருக்கிறதையும் பிடுங்கிக்கொள்வார்கள். முப்பத்தொன்று என்று கணக்குப் போனால் அண்ணிக்கு விளக்கும் இல்லை, இயக்குநரும் இல்லை.

இரண்டாவது நாள் தண்ணீர் வரி கட்டக் கடைசி நாள். வரி வாங்கும் ஜன்னலும் எங்கள் கட்டடத்தில்தான் இருக்கிறது. அரங்கத்துக்கும் அதற்கும் ஒரே வாசல். உள்ளே நுழைந்து இடதுபக்கம் திரும்பினால் கலை, வலதுபக்கம் திரும்பினால் வரி. எங்கள் ஊர்க்காரர்கள் எதையும் கடைசி நாளுக்கு முன்னால் செய்து பழக்கமில்லை. ஒன்பது மணிக்கே வரிசை வாசலைத் தாண்டித் தெருவுக்குப் போய்விட்டது.

நான் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். கட்டைவிரல் தானாக வேலை செய்ய ஆரம்பித்தது. வாசலில் கால் வைக்கிற ஒவ்வொருவரும் என்றுதானே சொன்னார்? பழைய பாக்கியோடு முனகிக்கொண்டு வந்த கிழவருக்கு ஒரு தட்டு. இடுப்பில் குழந்தையோடு வந்தவளுக்கு இரண்டு தட்டு. மதியத்துக்கு மேல் எனக்கே பேராசை பிடித்து, ரசீதோடு வெளியே போகிறவர்களுக்கும் தட்டினேன். அட்டைக்காரர் இரண்டு முறை அந்தப் பக்கம் வந்தார். வரிசையைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார். பிறகு தன்னோடு வந்த போட்டோக்காரரைக் கூப்பிட்டு வரிசையைத் தெருவிலிருந்து ஒரு படம் எடுக்கச் சொன்னார். ஜன்னல் மட்டும் படத்தில் விழாத மாதிரி.

ஐந்து மணிக்கு அண்ணியின் நாடகம். உள்ளே தொண்ணூறு பேர் இருப்பார்கள். ஆஸ்பத்திரி நர்சுகள், சலவைக்கூடத்து மீதிப் பேர், வரி கட்டிவிட்டுக் கால் வலிக்க உட்கார வந்தவர்கள் கொஞ்சம். நான் வாசலை அப்படியே விட்டுவிட்டுக் கதவோரம் போய் நின்றுகொண்டேன்.

அண்ணியும் பாய்லர்காரர் மனைவியும் விரிப்பை மடித்துக்கொண்டே வந்தார்கள். கிட்டே வந்ததும், "ஆறாம் வார்டுல கேட்டேன்." விலகினார்கள். காலடிச் சத்தம் மட்டும். மறுபடி கிட்டே வந்ததும், "என்ன சொன்னாங்க?" மறுபடி விலகினார்கள். இப்படியே தேடித் தேடிக் கடைசியில் அந்தக் கட்டிலைக் கண்டுபிடிக்கிறார்கள். கட்டிலில் வேறு யாரோ படுத்திருக்கிறார்கள். காதுக் கருவிக்குச் சொந்தக்காரர் காலையிலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். அந்தக் கட்டிலுக்கு விரித்த விரிப்பைத்தான் இவர்கள் இவ்வளவு நேரமும் மடித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். அது தெரிந்ததும் அண்ணி விளிம்பைக் கைமாற்ற வருகிறாள், எதிரே நிற்பவள் வாங்கிக்கொள்கிறாள், இந்த முறை இரண்டு பேரும் பேசவில்லை. அவ்வளவுதான். விளக்கு அணைந்தது.

நான் அழுதுவிட்டேன். இத்தனை வருடம் ஒரே வீட்டில் சோறு தின்ற பெண்மணிக்குள் இப்படி ஒன்று இருந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. தபால்காரர் எழுந்து நின்று கைதட்டினார். அட்டைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அடுத்த வருஷம் தலைநகர்ல பாக்கலாம்மா" என்று அண்ணியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். வெளியே வந்து, வருகைக் கணக்குத் தாளின் பத்தொன்பது பிரதிகளில் என்னிடம் கையெழுத்து வாங்கினார். மொத்தம் ஆயிரத்து நூற்று நாற்பத்தாறு பேர்.

மூன்று மாதம் கழித்து அரங்கத்தின் முகவரிக்கு ஒரு கடிதமும் ஒரு புத்தகமும் வந்தன. புத்தகம் விழாவின் ஆண்டறிக்கை. முன்னட்டையில் அண்ணியின் படம். கையில் விரிப்பு, எதிரே நிற்பவளைப் பார்க்கிற அந்தப் பார்வை. கீழே பெரிய எழுத்தில் 'சென்றடைந்தோம்' என்று போட்டிருந்தது. சந்தோஷத்தில் நான் கடிதத்தைக் கூட நின்றபடியேதான் பிரித்தேன்.

எங்கள் ஊரைக் கலை வெற்றிகரமாகச் சென்றடைந்துவிட்டதால், சென்றடையாத ஊர்களின் பட்டியலிலிருந்து எங்கள் பெயர் மகிழ்ச்சியுடன் நீக்கப்படுகிறதாம். மூன்று வருட உதவியும் பெரிய மேடையும் பட்டியலில் உள்ள ஊர்களுக்கு மட்டுமாம். ஒத்துழைப்புக்கு நன்றியாம்.

அட்டைக்காரருக்குப் போன் போட்டேன்.

"மேடம், வாழ்த்துகள்! எங்க ரிப்போர்ட்லயே உங்க ஊர்தான் உச்சம்."

"வாழ்த்து கெடக்கட்டும். உதவி இல்லன்னு எழுதியிருக்கு?"

"ரெண்டு நாள்ல இருநூறு பேருக்குக் கீழ வந்திருந்தாத்தான் சென்றடையாத ஊர் மேடம். நீங்க எங்கயோ போயிட்டீங்க."

"இத அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல?"

"நெறிமுறைப் புத்தகத்துல பதினாலாம் பக்கத்துல இருக்கே. அதுவுமில்லாம அது நிதிப் பிரிவு. நான் நிகழ்ச்சிப் பிரிவு. எண்ணிக்கை ஏறினாத்தான் எங்களுக்கு அடுத்த வருஷம் விழாவே நடக்கும்."

"அதுல ஆயிரம் பேரு தண்ணி வரி கட்ட வந்தவங்க. உங்களுக்குத் தெரியாதா?"

அவர் குரல் தணிந்து வந்தது. "எனக்கு எப்படி மேடம் தெரியும்? கையெழுத்து உங்களோடது."

"பொய்க் கணக்குனு நானே எழுதிக் குடுத்தா?"

"தாராளமாக் குடுக்கலாம். விசாரணை வரும். பொய்க் கணக்கு குடுத்த ஊரை அஞ்சு வருஷத்துக்குப் பட்டியல் பக்கமே சேக்க மாட்டாங்க. உங்களுக்கு சர்வீஸ் எவ்வளவு பாக்கி?"

"நாலு வருஷம்."

"அப்ப நீங்களே யோசிச்சுக்குங்க."

வைத்துவிட்டார். உண்மையாக எண்ணியிருந்தால் நூற்றைம்பதுதான் வந்திருக்கும். நான் தூங்கியிருந்தால்கூட அண்ணிக்கு விளக்கு வந்திருக்கும். வாசகசாலைக்கு ஆள் இல்லை, எனவே தேவை இல்லை. நாடகத்துக்கு ஆள் இருக்கிறது, எனவே தேவை இல்லை. எந்தக் கதவு வழியாகப் போனாலும் வெளியேதான் விடுவார்கள் போலிருக்கிறது. ஆனால் அரசாங்கத்தைத் திட்டி என்ன ஆகப்போகிறது? அழுத்தியது என் விரல். கடிதத்தையும் புத்தகத்தையும் அலமாரியில் பழைய ரசீதுக் கட்டுகளுக்கு அடியில் தள்ளிப் பூட்டினேன். அண்ணியிடம், "வேற ஊரைத் தேர்ந்தெடுத்துட்டாங்களாம்" என்று மட்டும் சொன்னேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை பின்னறையில் எட்டுப் பேரும் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் ஒத்திகை பார்க்கவில்லை. நான் டீ கொண்டுபோய் வைத்தேன்.

"காரணம் கூடச் சொல்லலியா?" என்று பாய்லர்காரர் கேட்டார்.

"சொல்லல" என்றேன்.

"அதெப்படி? எல்லாரும் கையெழுத்துப் போட்டு அமைச்சகத்துக்கு ஒரு மனு எழுதுவோம். எத்தன பேரு வந்தாங்க, எப்படிக் கை தட்டினாங்க எல்லாம் எழுதுவோம். சாவிகிட்ட கணக்கு இருக்கும். அதையும் வச்சு அனுப்பினா அவங்க பதில் சொல்லித்தானே ஆகணும்?"

காலி டீத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அந்த மனு போனால் கணக்கைத் தோண்டுவார்கள். கணக்கைத் தோண்டினால் தண்ணீர் வரி ரசீதுகள் வரும். ரசீதுகளுக்குப் பின்னால் நான் வருவேன்.

"இருங்க" என்றாள் அண்ணி. நோட்டுப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு நிமிர்ந்தாள். "மனு அப்புறம். சூப்பர்வைசர் வேலைக்கு நான் வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் சொல்லணும். மொதல்ல ஒண்ணு தெரியணும் எனக்கு. நாடகம் நல்லா இருந்துச்சா இல்லையா? நல்லா இருந்துச்சுன்னா அந்த வேலைய வேண்டாங்கறேன். மனுவும் போடுவோம். லைட்டு இல்லாட்டி டியூப் லைட்டுல ஆடுவோம். நல்லா இல்லன்னா, எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அவங்களக் கேக்கிறது?"

பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"சாவி, நீ சொல்லு. இதுங்க எல்லாம் மேடையில நின்ன ஆளுங்க. நீ ஒருத்திதான் கதவுகிட்ட நின்னு பாத்த. எனக்காகப் பாக்காத."

எட்டுப் பேரும் என்னைப் பார்த்தார்கள். அன்றைக்கு அழுத அழுகை அப்படியே நெஞ்சில் இருந்தது. நல்லா இருந்துச்சு அண்ணி என்று ஒரு வார்த்தை. அதைச் சொல்லியிருந்தால் அவள் முகம் எப்படி மாறியிருக்கும் என்று எனக்குத் தெரியும். சொன்னால் மனு எழுதுவாள் என்பதும் தெரியும்.

"கொஞ்சம் இழுவைதான் அண்ணி" என்றேன்.

பாய்லர்காரர் டீயைக் கீழே வைத்தார். நான் தொடர்ந்தேன்.

"அந்த மடிப்பு திரும்பத் திரும்ப வருதுல்ல... பின்னாடி நாலஞ்சு பேரு எழுந்து போயிட்டாங்க. நான் சொல்ல வேணாம்னு இருந்தேன்."

"அந்த அட்டைக்காரர் அழுதாரே?"

"அவரு எல்லா ஊர்லயும் அழுவாரு அண்ணி. அது அவரு வேலை."

பாய்லர்காரர் மனைவி சிரித்துவிட்டாள், பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள். அண்ணி அழவில்லை, கோபப்படவில்லை. தலையை மட்டும் இரண்டு முறை ஆட்டினாள், கணக்கு சரியாக வந்துவிட்ட மாதிரி.

"எனக்கும் உள்ளுக்குள்ள அப்படித்தான் பட்டுச்சு. நீயாவது மூஞ்சிக்கு நேரா சொன்னியே. மத்தவங்கல்லாம் கை தட்டியே என்னக் கெடுத்துட்டாங்க" என்றாள். என் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டாள். சலவைச் சோடாவில் ஊறி ஊறிச் சொரசொரத்த கை.

பிறகு பைக்குள்ளிருந்து சலவைக்கூடத்து சூப்பர்வைசர் வேலைக்கான படிவத்தை எடுத்து, நோட்டுப் புத்தகத்தின் மேல் வைத்து நீவினாள். யாரிடமாவது பேனா இருக்கிறதா என்று கேட்டாள். நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.